நூறுக்குள் எத்தனை அஞ்சு?

அக்கா பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். மூன்று தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் வயசு வரம்பு தாண்டிவிடும். போன வாரம் வந்து, "மாமா, நூறு ஃபாக்டோரியலுக்குக் கடைசியில எத்தனை பூஜ்யம்?" என்றான்.

எனக்குப் பகீரென்றது.

இதே கேள்வியை 1992-ல் ஒரு இன்டர்வியூவில் என்னிடம் கேட்டார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை எல்லா எண்ணையும் பெருக்கினால் வருவதுதான் நூறு ஃபாக்டோரியல். 158 இலக்கம்! என் பழைய கால்குலேட்டர் 69 ஃபாக்டோரியலைத் தாண்டினாலே 'எர்ரர்' என்று கை விரித்துவிடும். நான் மனசுக்குள் பத்து, இருபது, முப்பது என்று எண்ணி, நூறுக்கு ரெண்டாகப் போட்டு, "பதினொன்று சார்" என்றேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலை வேறு யாருக்கோ போயிற்று.

விஷயம் இதுதான். பூஜ்யம் வர பத்து வேண்டும். பத்து என்பது ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ரெண்டுக்குப் பஞ்சமில்லை, நூறு ஃபாக்டோரியலில் 97 பேர் க்யூவில் நிற்கிறார்கள். பொண்ணு அஞ்சுதான் குறைச்சல். ஆகவே அஞ்சை எண்ணினால் போதும்.

"நூறை அஞ்சால வகு."

"இருபது. அவ்வளவுதானே மாமா?"

போன தடவை பயல் விழுந்த இடம் இதுதானாம். 25, 50, 75, 100 இந்த நாலிலும் ரெண்டு ரெண்டு அஞ்சு ஒளிந்திருக்கிறது. அந்த இருபதை மறுபடி அஞ்சால் வகுத்தால் 4 வரும். நாலை வகுக்க முடியாது, நிறுத்திக்கொள்ளலாம். இருபதும் நாலும் 24. ஆயிரம் என்றால் 200, 40, 8, 1. ஆக 249. மீதி வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஏழு, பதினொன்று என எந்தப் பகா எண்ணுக்கும் இதே வித்தைதான். நான் அன்றைக்குச் செய்த தப்பு, உடைக்காமல் பத்தாலேயே வகுத்தது. பத்து, ஒன்று, மொத்தம் பதினொன்று. பத்து பகா எண் இல்லையே!

இந்தச் சூத்திரம் லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் இருக்கிறது. 1833-ல் செத்துப்போனார். பாவம், வெகுகாலம் புத்தகங்களில் அவர் படம் என்று போட்டுவந்தது லூயி லெஜாந்தர் என்ற அரசியல்வாதியின் படம். 2005-ல்தான் குட்டு வெளிப்பட்டது. அசல் ஆளுக்கு மிஞ்சியது ஒரு கேலிச் சித்திரம்! ரேஷன் கார்டில் என் பெயர் தப்பாக இருப்பதை நினைத்து இனி வருத்தப்படுவதாக இல்லை.

ஞாயிறு காலை தேர்வு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனிடம், "இருநூத்தம்பது?" என்றேன்.

ஒற்றைக் காலில் நின்றபடியே யோசித்தான். "அம்பது... பத்து... ரெண்டு. அறுபத்திரெண்டு மாமா!"

பஸ் வந்துவிட்டது. ஓடினான்.