கேபர்நே மீது விழும் பழி

இத்தாலியின் சிவப்பு ஒயினுக்கு இத்தாலியத் திராட்சைதான் அழகு. கேபர்நே, மெர்லோ போன்ற பிரெஞ்சு ரகங்கள் அமெரிக்கச் சந்தைக்காக நேற்று வந்து நுழைந்தவை, ஊர் மரபைக் கெடுத்தவை. ஒயின் ரசிகர்கள் பலர் இன்று இப்படித்தான் பேசுகிறார்கள். டஸ்கனி வட்டாரத்தில் ஒயின் விதிக்கு வெளியே செய்த 'சூப்பர் டஸ்கன்' ஒயின் என்றதும் முகம் சுளிப்பது நல்ல ரசனைக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை. மற்றவை நிற்காது.

முதலில் 'நேற்று வந்தவை' என்பது. ஃபுளோரன்சுக்குக் கிழக்கே பொமினோவில் விட்டோரியோ தெல்யி அல்பிட்சி கேபர்நேயையும் மெர்லோவையும் நட்டது 1855இல். இத்தாலி ஒரே நாடாக ஆனதே 1861இல்தான். அதே டஸ்கனியில் கார்மின்யானோ ஊரார் கேபர்நேயைப் 'பிரெஞ்சுத் திராட்சை' என்று சொல்லியே தலைமுறைகளாக வளர்த்தார்கள். 1975இல் அவர்களுக்கு டிஓசி என்ற பிறப்பிடச் சான்று கிடைத்தபோது, அந்த விதியிலேயே கேபர்நேக்கு இடம் இருந்தது.

அமெரிக்கச் சந்தை? மரியோ இஞ்சீசா தெல்லா ரொக்கெத்தா டஸ்கனிக் கடலோரத்துப் போல்கெரியில் கேபர்நே நட்டது 1940களில். அவருக்குப் பிரான்ஸின் போர்தோ ஒயின் மீது ஆசை. அந்தத் தோட்டத்தின் சஸ்ஸிக்காயா ஒயின் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1968 அறுவடையிலிருந்து. அதுவரை வீட்டார்தான் குடித்தார்கள். சந்தையைக் குறிவைத்தவர் இருபது வருஷம் சரக்கை நிலவறையில் பூட்டி வைத்திருப்பாரா? கெடுப்பதற்கு அந்தக் கடலோரத்தில் பெயர்பெற்ற சிவப்பு ஒயின் மரபு எதுவும் இல்லை. 1983இல் போல்கெரிக்குக் கிடைத்த டிஓசிகூட வெள்ளைக்கும் ரோசேக்கும் மட்டுமே.

'மரபை மீறினார்கள்' என்பதுதான் இவற்றில் கனமான வாதம். எந்த மரபை? டஸ்கனியின் சிவப்பு ஒயினான கியாந்திக்கு 1967இல் வந்த டிஓசி விதி, அதில் 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை கலந்தே ஆகவேண்டும் என்றது. கியாந்திக் கலவையை வகுத்த பரோன் பெத்தினோ ரிக்காசோலி 1872இல் எழுதிய கடிதத்தை இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். அவரோ இளசாகக் குடிக்கிற ஒயினுக்குத்தான் மால்வாசியா என்ற வெள்ளை ரகத்தைச் சொன்னார். வைத்திருந்து குடிக்கிற ஒயினுக்கு அது வேண்டாம் என்பதே அவர் கருத்து. விதி எழுதியவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள். போதாததற்கு, கொத்துக் கொத்தாய்க் காய்த்துச் சுவையை நீர்க்கச் செய்யும் த்ரெபியானோ என்ற வெள்ளை ரகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

விளைவைப் பாருங்கள். செர்ஜியோ மனெத்தி என்ற தயாரிப்பாளர் 1977இல் 'லெ பெர்கொலே தோர்த்தே' என்ற ஒயினைச் செய்தார். முழுக்க சாஞ்சொவேசே, டஸ்கனியின் சொந்தத் திராட்சை. ஒரு துளி பிரெஞ்சு ரகம் கிடையாது. அதற்கும் சாதாரண மேசை ஒயின் என்ற கடைசித் தரம்தான் கிடைத்தது. அந்தினோரி நிறுவனத்தின் கேபர்நே கலந்த திஞ்ஞானெல்லோ ஒயினும் அதே வரிசையில் நின்றது. ஆக, சூப்பர் டஸ்கன்காரர்கள் எதிர்த்தது உள்ளூர்த் திராட்சையை அல்ல, அந்த விதியை. கியாந்தியின் மையப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோ பின்னாளில், 2006 அறுவடையிலிருந்து, வெள்ளைத் திராட்சையையே விலக்கிவிட்டது. அன்று மீறியவர்கள் சொன்ன இடத்துக்கு விதி வந்து சேர ஏறத்தாழ முப்பது வருஷம் ஆனது.

'பிரெஞ்சு ரகம் கலந்தால் எல்லாம் ஒரே சுவை' என்ற இன்னொரு குறைக்குச் சுருக்கமான பதிலே போதும். அவர்கள் குறைசொல்லும் வெனிலா வாசனை புது ஓக் பீப்பாயிலிருந்து வருவது. சாஞ்சொவேசேயை அதில் ஊறவைத்தாலும் அப்படித்தான் மணக்கும்.

குற்றச்சாட்டில் உண்மையான பகுதி டஸ்கனியின் மொந்தால்சினோ ஊரில் இருக்கிறது. அவ்வூரின் புருனெல்லோ ஒயின் முழுக்க சாஞ்சொவேசேயாக இருக்கவேண்டும் என்பது விதி. 2008இல், சிலர் வேறு ரகங்களைக் கலந்தார்கள் என்ற சந்தேகத்தில் விசாரணை நடந்தது. லேபிளில் ஒன்றைச் சொல்லி புட்டியில் வேறொன்றை ஊற்றினால் அது ஏமாற்றுதான். மென்மையாக்க மெர்லோ சேர்த்தோம் என்பது சமாதானம் ஆகாது. 2011இல் அதே ஊரின் இன்னொரு சிவப்பு ஒயினான ரோஸோ தி மொந்தால்சினோவிலும் பிற ரகங்களை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, அவ்வூர்த் தயாரிப்பாளர்கள் கூடாது என்று வாக்களித்தார்கள். அங்கே இருந்திருந்தால் என் ஓட்டும் அதுதான். ஆனால் அந்த ஓட்டைக் காட்டிப் போல்கெரிக்காரரிடம் போய்க் கேபர்நே கொடியைப் பிடுங்கு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர் லேபிளில் கேபர்நேயை மறைக்கவே இல்லையே.