எவ்வளவு துல்லியம் போதும்?

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரிப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் கணிதப் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 விநாடி. அட்டவணையையும் விளக்கப்படத்தையும் படித்துப் புரிந்துகொள்ளும் நேரமும் இதற்குள் அடக்கம். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. இந்த நெருக்கடிக்கு நம் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகக் கிடைக்கும் மருந்து ‘ஷார்ட்கட்’. 5-இல் முடியும் எண்ணை வர்க்கப்படுத்துவது, 100-ஐ ஒட்டிய இரண்டு எண்களை நொடியில் பெருக்குவது போன்றவை கரும்பலகையில் அழகாக இருக்கும். தரவு விளக்கக் கேள்விகளிலோ 4,873, 6,142 என்று எந்த உத்திக்கும் வாகாக அமையாத எண்களே அதிகம். அங்கே மாணவரைக் காப்பாற்றுவது, இந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று கணக்கைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யும் பழக்கம். அந்த முடிவுக்கான தடயம் விடைத் தெரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

6,142 பேர் எழுதிய தேர்வில் 4,873 பேர் தேர்ச்சி பெற்றால் அது எத்தனை சதவீதம்? பத்து சதவீதம் 614.2. அதை எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 4,914. நம் எண் அதற்குச் சற்றுக் கீழே. தெரிவுகள் 66, 72, 79, 85, 91 என்றிருந்தால் வேலை இங்கேயே முடிந்தது. 78.6, 79.3, 80.1 என்று நெருங்கி நின்றால் மட்டும் இன்னொரு படி: குறைவது 41, ஒரு சதவீதம் 61, ஆகவே 80-இலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சதவீதத்தைக் கழித்தால் 79.3. எண்களை முழுமையாக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 4,900-ஐ 6,100-ஆல் வகுத்தால் 80.3 சதவீதம் வருகிறது. 6,200-ஆல் வகுத்தால் 79.0. வகுத்தலில் இரண்டு எண்களையும் ஒரே பக்கம் நகர்த்தினால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். எதிரெதிராக நகர்த்தினால் சேர்ந்துகொள்ளும். பெருக்கலில் இது தலைகீழ். ‘ரவுண்ட் பண்ணிக்கோ’ என்று மட்டும் சொல்லும் வகுப்பு இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பின்னங்களைச் சதவீதமாக மனப்பாடம் செய்யச் சொல்வது சரியே. ஆனால் பட்டியலோடு அது நின்றுவிடக் கூடாது. நம் பழைய எண்சுவடியில் மா என்பது 1/20, காணி 1/80; இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16. சதவீதத்தில் சொன்னால் 5-உம் 1.25-உம் சேர்ந்து 6.25. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. 2,480-இல் 6.25 சதவீதம் கேட்டால் 5 சதவீதம் 124, அதில் கால்வாசி 31, மொத்தம் 155. தெரியாத சதவீதத்தைத் தெரிந்த துண்டுகளாக உடைக்கும் இந்தப் பார்வை வந்துவிட்டால் 17.5-உம் 32-உம் அச்சுறுத்தாது.

கணக்கே போடத் தேவையில்லாத கேள்விகளை அடையாளம் காண்பதும் வேகக் கணக்கின் ஒரு பகுதி. வட்ட விளக்கப்படத்தில் 54 பாகைக்கும் 81 பாகைக்கும் உள்ள விகிதம் கேட்டால் மொத்தத் தொகை எதற்கு? 2:3 கண்ணெதிரே இருக்கிறது. விற்பனை 240, 276, 312 என்று உயர்ந்தால் இரண்டு ஆண்டிலும் கூடுதல் 36தான். அடித்தளம் பெரிதானதால் இரண்டாம் ஆண்டின் வளர்ச்சி விகிதம் குறைவு என்று வகுக்காமலே சொல்லிவிடலாம். பட்டைப் படத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பார்க்கத் தெரியாதவர், எவ்வளவு வேகமாக வகுத்தாலும் தவறான எண்ணைத்தான் வகுப்பார்.

தோராயம் ஆபத்தானது, தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும் என்பது ஆசிரியர்கள் எழுப்பும் நியாயமான ஆட்சேபம். அதையும் கணக்கிட்டே பார்க்கலாம். ஐந்து தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரி லாபம் பூஜ்யம். தோராயத்தால் இரண்டு தெரிவுகளை உறுதியாக நீக்கிவிட்டால், மீதி மூன்றில் ஒன்றைத் தேர்வதன் சராசரி லாபம் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் ஆறில் ஒரு பங்கு. பாதியில் நிற்கும் தோராயம்கூட வீண் அல்ல. அடிப்படை ஆடும் மாணவருக்குச் சூத்திரமே ஊன்றுகோல் என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆனால் எந்தச் சூத்திரம் எங்கே பொருந்தும் என்று நினைவில் வைப்பதுதான் அவருக்குப் பெரிய சுமை. பத்து சதவீதம் காணப் புள்ளியை ஓரிடம் நகர்த்தினால் போதும்.

2015 முதல் கேட் மேலாண்மை நுழைவுத்தேர்வில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. இனி இந்தத் திறமை எதற்கு என்பது மற்றொரு கேள்வி. மவுஸால் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தும் அந்தக் கருவி வகுத்துத் தரும். வகுக்க வேண்டுமா என்று சொல்லாது. ஆகவே மாதிரித் தேர்வு தயாரிப்போருக்கு ஒரு யோசனை. ஒரே அட்டவணை, ஒரே கேள்வி. விடைத் தெரிவுகளை மட்டும் மூன்று விதமாக, அகலமாக, நடுத்தரமாக, நெருக்கமாக அமையுங்கள். மூன்றுக்கும் மாணவர் ஒரே நேரத்தைச் செலவிட்டால், நாம் அவருக்குக் கணக்குப் போடக் கற்றுத் தந்திருக்கிறோம். எங்கே நிறுத்துவது என்பதை இன்னும் கற்றுத் தரவில்லை.