முடிவை மாத்தச் சொன்னாங்க

செத்தவங்களுக்கு மட்டும் கொடுக்கிற பட்டம் ஒன்று உண்டு: ‘காலத்தை முந்தியவர்’. 2021 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘ட்ரபிள் இன் மைண்ட்’ நாடகம் மேடையேறியபோது, அதை எழுதிய ஆலிஸ் சில்ட்ரெஸுக்கு இந்தப் பட்டத்தை வாரி வழங்கினார்கள். அவர் இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது. நாடகம் முதன்முதலாக நடிக்கப்பட்டு 66 வருஷம்.

எனக்கு இந்தப் பட்டத்தின் மேல் கோபம். முந்தினார் என்றால் அவர் அவசரக்காரி, காலம் மெல்ல நடந்து வந்து சேர்ந்தது, யார் மேலும் குற்றமில்லை என்றாகிறது. காலத்துக்குக் கையும் காலும் கிடையாது தோழர்களே. கதவைச் சாத்தியவர்கள் மனிதர்கள், வெள்ளை மனிதர்கள். அதிலும் நல்லவர்கள், நம்ம பக்கம் நிற்கிறோம் என்று சொன்னவர்கள். அதைத்தான் பேச வேண்டும்.

சில்ட்ரெஸ் முதலில் நடிகை. தென்கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்கவில்லை. பிழைப்புக்கு வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்திருக்கிறார். 1940களில் ஹார்லத்தின் ‘அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்’ குழுவில் சேர்ந்தார். அக்குழு நூலகம் ஒன்றின் நிலவறையில் போட்ட ‘அன்னா லூகாஸ்டா’ 1944இல் பிராட்வேக்குப் போனது. 900 தடவைக்கு மேல் நடந்தது. சில்ட்ரெஸும் அதில் நடித்தார். அதாவது நடிகையாக பிராட்வே அவரை உள்ளே விட்டது. அடுத்தவன் எழுதியதைப் பேச வாய் வேணும். சொந்தமாக எழுதக் கை கூடாது.

கறுப்பு நடிகைக்கு அன்று என்ன வேஷம்? வேலைக்காரி, ஆயா, ‘ஆண்டவரே’ என்று அலறுகிற அம்மா. ‘ட்ரபிள் இன் மைண்ட்’ முழுக்க இந்த வயிற்றெரிச்சல்தான். தாங்கள் போட்ட வேஷங்களுக்கெல்லாம் பூவின் பெயர், ரத்தினத்தின் பெயர் என்று இரண்டு நடிகைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறவனுக்கு வராது. அந்தப் பாவாடையை மாட்டிக்கொண்டு கூலி வாங்கிய உடம்புக்குத்தான் வரும்.

கதை இதுதான். வெள்ளைக்காரன் ஒருவன், கறுப்பர்கள் மேல் இரக்கப்பட்டு, கும்பல் கொலைக்கு எதிராக ஒரு நாடகம் எழுதியிருக்கிறான். ஒத்திகை நடக்கிறது. இயக்குநர் மேனர்ஸும் வெள்ளைக்காரன், முற்போக்கு. வில்லெட்டா அனுபவப்பட்ட நடிகை. முதல் காட்சியில் அவளே புதுப்பையனுக்குப் பாடம் எடுக்கிறாள்: அவங்க ஜோக்குக்குச் சிரி, ‘போர்கி அண்ட் பெஸ்’ஸில் நடிச்சேன்னு பொய் சொல்லு. பிழைக்கத் தெரிந்தவள். அப்படிப்பட்டவளுக்கே ஓர் இடத்தில் தொண்டை அடைக்கிறது. ஓட்டுப் போட்ட குற்றத்துக்காக மகனைக் கும்பல் தேடுகிறது. நாடகத்தில் அம்மா அவனை ஒளித்து வைக்காமல், போய்ச் சரணடைந்துவிடு என்று அனுப்பி வைக்கிறாள், அவன் சாகிறான். எந்தத் தாய் இதைச் செய்வாள் என்று வில்லெட்டா கேட்கிறாள். ஒருதரம் கேட்கிறாள், மறுதரம் கேட்கிறாள். உணர்ச்சியோடு நடி, உண்மையைத் தேடு என்று மேனர்ஸ் வகுப்பெடுக்கிறான். உண்மையை அவள் எடுத்து நீட்டினால் அவனுக்கு எரிகிறது.

இடையில் வயசான நடிகர் ஷெல்டன், சிறுவயதில் தன் கண்ணால் பார்த்த கும்பல் கொலையைச் சொல்கிறார். மற்ற நேரமெல்லாம் முதலாளிக்கு ‘ஆமாஞ்சாமி’ போடுகிற ஆள். அந்த அறையில் அதைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் கும்பல் கொலை எப்படியிருக்கும் என்று அதுவரை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தவன் மேனர்ஸ். கடைசியில் வில்லெட்டா நேராகக் கேட்கிறாள்: உன் மகனை இப்படி அனுப்புவாயா? அவனுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. உன்னையும் என்னையும் ஒன்றாகப் பேசாதே என்கிறான். அத்தனை நாள் போர்த்தியிருந்த இரக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் நழுவி விழுகிறது.

இந்த நாடகம் 1955இல் பிராட்வேக்கு வெளியே, கிரீனிச் மியூஸ் என்ற சின்ன அரங்கில் நடந்தது; 91 காட்சிகள். ஆனால் அதற்கு முன்பே முடிவை மாத்தச் சொன்னார்கள். எல்லாரும் ஒன்று சேர்ந்து, இயக்குநர் இறங்கி வருவதுபோல முடியட்டும் என்றார்கள். சில்ட்ரெஸ் மாற்றிக் கொடுத்தார். அதற்காகப் பிறகு வருந்தினார். 1957இல் பிராட்வேக்குக் கொண்டுபோகிறோம் என்று வந்தவர்களும் தலைப்பை மாற்று, காரத்தைக் குறை, வெள்ளைப் பார்வையாளர் மனசு நோகாமல் எழுது என்று திருத்தம் மேல் திருத்தம் கேட்டார்கள். ரொம்ப நாள் எழுதிப் பார்த்தார். பிறகு முடியாது என்று சொல்லிவிட்டார். பிராட்வேயில் நாடகம் கண்ட முதல் கறுப்புப் பெண் என்ற இடம் 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரிக்குப் போனது. இருவரும் பால் ரோப்சனின் ‘ஃப்ரீடம்’ பத்திரிகையில் எழுதியவர்கள். அவர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நம் வேலையல்ல.

கவனியுங்கள்: வில்லெட்டாவுக்கு நாடகத்துக்குள் நடந்தது சில்ட்ரெஸுக்கு வெளியே நடந்தது. நடிகையாய் விழுங்கியதை எழுத்தாளியாய் விழுங்க மறுத்தார். அதற்கு விலை பிராட்வே. அச்சில் வந்தபோது தன் முடிவையே வைத்தார். அதில் வில்லெட்டாவுக்கு வெற்றியில்லை. வேலை போய்விடும் என்று அவளுக்கே தெரியும். வெறும் அரங்கில் வயதான வாயிற்காப்போன் ஹென்றி, பதிவு செய்த கைதட்டலை ஓடவிடுகிறார். அவள் ஒரு சங்கீதம் சொல்கிறாள். அவ்வளவுதான்.

அதன்பிறகும் இதே கதைதான். கறுப்புப் பெண்ணும் வெள்ளை ஆணும் சட்டப்படி மணக்க முடியாத 1918ஆம் வருஷத்துத் தென்கரோலினாவைப் பற்றிய ‘வெட்டிங் பேண்ட்’ 1966இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நியூயார்க் வர 1972 ஆனது. தொலைக்காட்சியில் வந்தபோது சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 1973இல் வந்த அவருடைய நாவலைப் பள்ளி நூலகத்திலிருந்து தூக்கினார்கள். மாணவர்கள் தொடுத்த அந்த வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

அப்புறம் 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ்காரன் கொன்றான். தெருவெல்லாம் கொதித்தது. அடுத்த வருஷம், பெருந்தொற்றுக்குப் பின் திறந்த பிராட்வேக்குத் திடீரென்று கறுப்பு எழுத்து தேவைப்பட்டது. அப்போதுதான் காலம் சில்ட்ரெஸை எட்டிப் பிடித்ததாம். கூத்தைக் கேளுங்கள்: 2022 டோனி விருதுக்கு இந்த நாடகத்தைப் பரிந்துரைத்தபோது ‘மறு அரங்கேற்றம்’ என்ற பிரிவில் வைத்தார்கள். ஒரு நாள்கூட அங்கே நடக்க விடாத நாடகம்! எங்கோ 1955இல் நடந்தது, அதனால் பழசு. விதி அப்படி என்பார்கள். விதி யார் எழுதியது? வாசலில் நிற்க வைத்த வருஷங்களை உள்ளே இருந்த வருஷங்களாகக் கணக்கெழுதுகிற விதி அது.

எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்கலாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைச் சொல்லித்தான் எழுந்தார்கள். அந்த உறவு நமக்கு உண்டு. ஆனால் நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டதில் ஆண்களின் முழக்கமே மேலே நிற்கிறது. பாத்திரம் கழுவியவள், ஆயா வேஷம் போட்டவள், ஒத்திகையில் ‘ஏன்’ என்று கேட்டவள் நம் பக்கங்களுக்கு வந்து சேரவில்லை. நானும் எம்.ஏ. முடித்து வெகுகாலம் கழித்துத்தான் அவரைப் படித்தேன்.

படித்த அன்று எனக்கு என் நாடகம் ஞாபகம் வந்தது. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி ஒரு வீதி நாடகம் எழுதியிருந்தேன். நம்ம ஆள் குவளையை உடைக்கிறான், போலீஸ் வண்டிச் சத்தம் கேட்கிறது, அவன் ஓடாமல் நிற்கிறான், முடிந்தது. அதைப் போடுவதாகச் சொன்ன குழு ஒன்றில் நல்ல தோழர் ஒருவர், கடைக்காரர் அழுது மனம் திருந்தித் தன் கையாலேயே குவளையைக் கழுவிக் கொடுப்பதாக முடித்தால் ‘எல்லா மக்களிடமும் போகும்’ என்றார். நான் மூன்று நாள் யோசித்தேன். மாற்றியும் எழுதினேன், பொய் சொல்லவில்லை. எழுதிய பக்கத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “எந்த ஊர்லடா கழுவிக் குடுத்தான்?” என்றது அம்மா.

பழைய முடிவோடுதான் அந்தப் பிரதி இருக்கிறது. அந்தக் குழு அதைப் போடவில்லை. நாங்களே மூன்று சேரிகளில் போட்டோம். மூன்றாவது இடத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்துபோய் அந்தப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டாள். நாடகம் முடிந்துவிட்டது என்று சொல்லியும் உட்காரவில்லை.