மகளின் பங்கும் ஒரு கையெழுத்தும்

நமது வீடுகளில் பெண் குழந்தையை லக்ஷ்மி என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்த லக்ஷ்மிக்குத் தகப்பனார் சொத்தில் பாத்தியதை உண்டா என்ற கேள்வி எழுந்தவுடன் கூடத்தில் மௌனம் குடிகொண்டு விடுகிறது. அந்த மௌனத்தைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தாமதித்தாலும் அது வந்து சேர்ந்துவிட்டது. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது; ஆனால் அதை அவள் ஜீவிய காலம் வரையில்தான் அனுபவிக்கலாம். 1956-ல் வந்த ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. எனினும் பூர்விகச் சொத்தில் பிறப்பினால் வரும் உரிமை ஆண் மக்களிடமே நின்றது. தமிழ்நாடு 1989-ல் அதைத் திருத்தியது. அதற்கு முன் விவாகமான பெண்களை மட்டும் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் ஹிந்துக் குடும்பங்களில் மகளும், மணமானவளாயினும், மகனைப் போலவே பங்காளி. அன்றைய தினம் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினைகள் மட்டும் கலைக்கப்பட மாட்டா.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பங்கு எங்கே போகிறது? பல குடும்பங்களில் விடுதலைப் பத்திரத்தில் போகிறது. தகப்பனாரின் காரியங்கள் முடிந்ததும் சகோதரிகளை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துச் செல்கிறார்கள். "கல்யாணத்துக்குச் செலவழித்தோமே, சீர் செய்தோமே" என்கிறார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயத்தில் அவளும் கையெழுத்திடுகிறாள். வரதக்ஷிணையைச் சட்டம் 1961-லேயே விலக்கிவிட்டது. சட்டம் விலக்கியதைக் கொடுத்துவிட்டு, சட்டம் கொடுத்ததை விலக்குவது எந்த ஊர் நியாயம்?

இதனால் வரும் நஷ்டம் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. நாற்று நடுபவளும் களை பறிப்பவளும் பெண்ணே. ஆனால் பட்டாவில் பெயரில்லாதவளுக்குப் பயிர்க் கடன் எளிதில் கிடைப்பதில்லை. உழவர் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய் அளிக்கும் மத்திய சர்க்காரின் திட்டமும் நில உடைமைப் பதிவையே பார்க்கிறது. சிறு மாவு மில் ஒன்று வைக்க விரும்புகிறவள் பெருந்தொகை கேட்டால், பாங்கி ஈடு கேட்கிறது. 2015–16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தேசத்தில் நிலச் சாகுபடி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர்தான்.

வயோதிகப் பெற்றோரைக் காப்பாற்றிய சகோதரனுக்குச் சற்று அதிகம் சேர வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதைக் கணக்குப் பார்த்துப் பேசித் தீர்க்கலாம். அதைக் காரணமாக வைத்துச் சகோதரியின் பங்கு முழுவதையும் மறைக்கலாகாது.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். சகோதரிக்கு முதலில் பங்கின் மதிப்பைச் சொல்லுங்கள். பத்திரத்தைப் படிக்கக் கொடுங்கள். தனக்கு நம்பிக்கையான ஒருவரைக் கலந்துகொள்ள அவகாசம் கொடுங்கள். சகோதரிகளும் படிக்காத காகிதத்தில் கையெழுத்திட வேண்டாம். எல்லாம் அறிந்த பின்பு அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது தானம். அறியாதவளிடமிருந்து வாங்கினால் அதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.