கைவேலைப் பக்கம்: காற்றில் ஓடும் பால்பெட்டிப் படகு



ஸ்னோ கொட்டத் தொடங்கினால் ரொறன்ரோ அடுக்குமாடிகளில் எங்கள் பிள்ளைகளுக்கு முற்றமும் இல்லை, வளவும் இல்லை. தொலைக்காட்சியும் போனும்தான் துணை. விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்றால் வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் முன்னுக்கு வந்து நிற்கின்றன. ஆகவே இம்முறை, நீலத் தொட்டிக்குப் போகும் வெறும் பெட்டியில் ஒரு படகு செய்வோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வந்து சில மாதத்திலேயே பிள்ளைகள் ஆங்கிலம் பிடித்து விடுகிறார்கள். கடிதம் வாசிக்கவும், டொக்டரிடம் கதைக்கவும் நாம் அவர்களைத்தான் கூட்டிப் போகிறோம். போகப் போக, "அம்மா அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் ஊறிவிடுகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு இங்கு தொழிற்சாலையில் நிற்கிற நமக்கும் கை வேலை தெரியும். நுங்குக் கோம்பையில் வண்டி செய்து, மாரி வெள்ளத்தில் பேப்பர் கப்பல் விட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

தேவையானவை:

1 லீற்றர் பால் அல்லது பழச்சாறு மட்டைப் பெட்டி, 1 பலூன், வளைகிற கழுத்துள்ள ஸ்ட்ரோ 1, இறப்பர் பாண்ட் 1, ரேப், கத்தரிக்கோல். (பையில் வரும் பால் இதற்கு உதவாது. கூரை போல மடிந்த தலையுள்ள பெட்டியே நல்லது.)

செய்யும் முறை:

1. பெட்டியைக் கழுவிக் காய விடுங்கள். படுக்க வைத்து, நீளப் பக்கமாக இரண்டாக வெட்டுங்கள். தொட்டி போன்ற ஒரு பாதி போதும். மூடி இருந்தால், மூடியில்லாத பாதியை எடுங்கள். வெட்டுவது பெரியவர் வேலை.

2. கூரைத் தலை படகின் முன்பக்கம். அதற்கு அணியம் என்று பெயர். தட்டையான அடிப்பக்கம் பின்பக்கம், அது அமரம். இந்தச் சொற்களைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அணியம் பிளந்திருந்தால் ரேப்பால் ஒட்டுங்கள்.

3. அமரத்தின் நடுவில், அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்தில், ஸ்ட்ரோ இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். படகு பாரமற்றது, அதிகம் தாழாது. ஆகவே ஓட்டை நீருக்கு மேலேயே நிற்கும்.

4. பலூனைக் கையால் நாலைந்து தரம் இழுத்துத் தளர்த்துங்கள். ஸ்ட்ரோவின் நீளப் பக்க நுனியைப் பலூன் வாய்க்குள் 2, 3 சென்ரிமீற்றர் விட்டு, இறப்பர் பாண்டால் சுற்றுங்கள். காற்று கசியவும் கூடாது, ஸ்ட்ரோ நசுங்கவும் கூடாது.

5. வளைகிற கழுத்து படகுக்கு வெளியே வரும்படி ஸ்ட்ரோவை ஓட்டையால் விடுங்கள். வெளி நுனியில் வாய் வைத்து ஊதி, விரலால் அடைத்து, குளியல் தொட்டி நீரில் வைத்து விரலை எடுங்கள். படகு ஓடும்!

பலூன் சரிந்து படகு கவிழப் பார்த்தால் அடியில் இரண்டு மூன்று நாணயங்களை ஒட்டுங்கள். ஸ்ட்ரோவின் கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் படகும் இடப்பக்கம் திரும்பும். இதுதான் உங்கள் சுக்கான்.

ஏன் ஓடுகிறது?

பலூனுக்குள் அடைபட்ட காற்று பின்னால் பாய்கிறது. பின்னால் தள்ளப்படும் காற்று, படகை முன்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் சமமான எதிர்த் தள்ளல் உண்டு என்று நியூட்டன் 1687இல் எழுதி வைத்தார். வெளிக்காற்றில் ஊன்றித்தான் படகு போகிறது என்று நினைக்க வேண்டாம். காற்றே இல்லாத வானவெளியில் றொக்கற் போவதும் இதே விதியால்தான். ஒடுங்கிய ஸ்ட்ரோவும் அகன்ற ஸ்ட்ரோவும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அகன்றது வேகமாகப் பாய்ந்து சீக்கிரம் ஓய்ந்து விடும். ஒடுங்கியது மெதுவாக, கூட நேரம் ஓடும். எது கூடத் தூரம் போகிறது என்று பிள்ளையே அளந்து எழுதட்டும்.

வெறும் குசினிச் சாமான்தானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கிறிஸ்ரோபர் கொக்கரெல் 1955இல் ஒரு பூனை உணவுத் தகரத்தைக் கோப்பித் தகரத்துக்குள் வைத்துக் காற்றை ஊதித்தான் பரிசோதித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஹோவர்கிராப்ற், அதாவது காற்று மெத்தையில் மிதக்கும் கலம். 1959 யூலை 25இல் அது ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. கனடாவின் கரையோரக் காவற்படையிலும் இத்தகைய கலங்கள் உண்டு.

கவனம்: ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஊத விடாதீர்கள். நீங்களே ஊதிக் கொடுங்கள், துண்டுகளை உடனே பொறுக்குங்கள். இறப்பர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் இதைத் தவிருங்கள். தொட்டியில் நீர் இருக்கும்போது சிறு பிள்ளையைத் தனியே விட்டு, போன் எடுக்கக்கூடப் போக வேண்டாம். விளையாடி முடிந்ததும் நீரைத் திறந்து விடுங்கள்.

இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கு நேரம் இல்லை என்பது நமக்கும் தெரிந்ததே. அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலமும் தமிழில் கதையுங்கள். "ஊது, அடை, விடு" என்று சொல்லிக்கொண்டே செய்தால் கையோடு சொல்லும் பிள்ளைக்கு வந்து சேரும்.

உங்கள் வீட்டுப் படகு எத்தனை அடி ஓடியது என்று பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.