பம்பரமும் ஒரு பாடநூலே!

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

‘விளையாட்டுப் புத்தி’ என்பது நம் வீடுகளில் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. பிள்ளையின் கையில் பம்பரத்தைக் கண்டால், “படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது?” என்று கேட்காத பெற்றோர் மிகச் சிலரே. பம்பரம், தட்டாங்கல், கோலி, யோ-யோ முதலிய கைத்திறன் விளையாட்டுகள் படிப்புக்குப் பகையல்ல, துணையே என்பது என் கருத்து. அதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பம்பரம் விடுவது எளிதன்று. சாட்டையை ஆணியிலிருந்து மேல்நோக்கி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். வீசும் கணத்திலேயே அதனைப் பின்னுக்குச் சுண்டி இழுக்க வேண்டும். சுற்று தளர்ந்தாலும், சுண்டுதல் பிந்தினாலும் பம்பரம் ஆடாது, தரையில் உருளும். ஆசான் எவ்வளவு விளக்கினாலும் இது விளங்காது. பலமுறை தவறிய பின்னர், ஒருநாள் கை தானாகவே கற்றுக்கொள்கிறது. அத்தனை முறை தவறியதற்காக எவரும் நம்மைத் ‘தோற்றவர்’ என்று பட்டியலில் எழுதுவதில்லை. மீண்டும் சாட்டையைச் சுற்றுகிறோம், அவ்வளவுதான்.

இந்த மனப்பயிற்சி நமக்கு மிகவும் தேவை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதிப்பவர்கள் நம்முள் பலர். முதல் பருவத்தில் ஒரு தாளில் தவறியதும், ‘நமக்குப் படிப்பு வராது’ என்று முடிவுகட்டிப் பாதியிலேயே நின்றுவிடுவோர் உண்டு. தவறுவதும் கற்பதன் ஒரு பகுதியே என்பதை அறிவுரையால் உணர்த்துவது கடினம். பம்பரம் அதைப் பேசாமலே உணர்த்துகிறது.

அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பயின்றவர்களின் மூளையை ஜெர்மானிய ஆய்வாளர்கள் படமெடுத்துப் பார்த்தனர். அசைவை உணரும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் பெருகியிருந்தது. பயிற்சியை நிறுத்திய பின் அது குறைந்தது. 2004-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது. இதனால் தேர்வில் மதிப்பெண் கூடும் என்று நான் வாதிடவில்லை. கையின் பழக்கம் மூளையையும் தொடுகிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

பம்பரத்துக்குள் பாடமும் இருக்கிறது. நிற்கும் பம்பரத்தைப் புவியீர்ப்பு சாய்த்துவிடுகிறது. சுழலும் பம்பரத்தையோ சாய்க்க இயலாமல், அதன் அச்சை மெல்ல வட்டமிடச் செய்கிறது. சுழற்சி குறையக் குறைய அவ்வட்டம் விரைவாகி, இறுதியில் பம்பரம் சாய்கிறது. நாம் வாழும் பூமியின் அச்சும் இவ்வாறே ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. கோண உந்தம் பற்றிய சூத்திரத்தைக் கரும்பலகையில் கண்டபோது, அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. உள்ளங்கையில் பம்பரம் குறுகுறுத்த நினைவே வந்தது.

இங்கே பெண்களுக்காக ஒரு சொல். “பொம்பளைப் பிள்ளைக்குப் பம்பரம் எதற்கு?” என்ற கேள்வியை நானும் கேட்டு வளர்ந்தவள். கழங்காடுதல் நம் பெண்களுக்குப் புதிதன்று. ஆன்பொருநை மணலில் மகளிர் பொற்கழங்கு ஆடியதைப் புறநானூற்றின் 36-ஆம் பாடல் காட்டுகிறது. அதன் வழிவந்த தட்டாங்கல்லைத் திண்ணையில் ஆட விட்டவர்கள், தெருவில் ஆடும் பம்பரத்தை மட்டும் ஆண்களுக்கென ஒதுக்கிவிட்டார்கள். சுழலும் பம்பரத்தின் கணக்கில் ஒரு புதிய வகைக்குத் தீர்வு கண்டு, 1888-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் போர்தின் பரிசை வென்றவர் சோபியா கோவலெவ்ஸ்காயா என்னும் ரஷ்யப் பெண்மணி என்பதை அவர்கள் அறிவார்களா?

கைப்பேசியிலும் விளையாட்டுகள் இருக்கின்றனவே என்பர் சிலர். இருக்கின்றன, ஆயினும் அங்கே விரல் கண்ணாடியைத் தடவுகிறது. மரத்தின் எடையையும் கயிற்றின் இழுப்பையும் அது அறிவதில்லை.

ஆகவே, நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஓட்டம், தாண்டுதல் ஆகியவற்றோடு பம்பரத்துக்கும் தட்டாங்கல்லுக்கும் இடமளிக்க வேண்டுகிறேன். இரண்டிலும் ஆண்களும் பெண்களும் கலந்துகொள்ளட்டும். பெருஞ்செலவு ஏதுமில்லை, கட்டாந்தரையும் கைப்பிடிக் கற்களும் சில பம்பரங்களும் போதும். மைதானத்தில் போடும் வட்டத்துக்குள் முதல் பம்பரத்தை ஒரு மாணவி இறக்கட்டும்!