ஒரு ஞாயிறு போதும்

கல்விச் சுற்றுலா என்றதும் ஊட்டியா, மைசூரா என்றுதான் ஆண்டுதோறும் பேசுகிறோம். இம்முறை வர்க்கலைக்குப் போகலாமே என்பது என் கருத்து.

கடலையொட்டி அங்கே செங்குன்று செங்குத்தாக நிற்கிறது. மேலே செம்புரைக்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும், இடையிடையே பழுப்பு நிலக்கரியும். உள்ளிறங்கும் மழைநீர் களிமண்ணில் தடைப்பட்டு, குன்றின் பக்கத்தில் ஊற்றாய்க் கசிகிறது. நிலவியல் பாடத்தை நடந்தே படிக்கலாம் நண்பர்களே! தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

நான்கு நாள் சுற்றுலாவுக்கு யாரால் வர முடிகிறது? நம்மில் பலர் பனியன் கம்பெனியில் கைமடியாக நின்றும் பிசிறு வெட்டியும் கட்டணம் கட்டுகிறவர்கள். நான்கு நாள் கூலியை விட்டுக் கடல் பார்க்கப் போகிறேன் என்று அருள்புரத்தில் என் தாயிடம் சொல்ல எனக்கு நா எழாது. வராதவர்களை, 'ஆர்வமில்லாதவர்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு இரவு திருப்பூரில் இரயில் ஏறினால், ஞாயிறு காலை வர்க்கலை. பொது வகுப்பு, கட்டுச்சோறு போதும். 1928இல் நாராயண குரு மறைந்த சிவகிரியும் அவ்வூரில்தான். பார்த்துவிட்டுக் குன்றின் மேல் நடக்கலாம். மாலை வண்டியைப் பிடிக்க வேண்டுமென்பதால் கதிரவன் கடலில் இறங்கும் காட்சி கிடைக்காது. போகட்டும், திங்கள் வகுப்பு கிடைக்கும்!

மழைக்காலத்தில் குன்று சரியும். எனவே சனவரியே நன்று. விளிம்பிலும் நிற்க வேண்டாம், அடியிலும் அமர வேண்டாம்.

பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால் பெயர்ப்பட்டியலை நானே எழுதுகிறேன். பணத்தை மட்டும் சனிக்கிழமைக்குப் பின் கேளுங்கள்.